கால் பிரேக்கைத் தொடும் முன்னே

கிளியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெரியவர், எதிர்ப்பக்கம் போவதற்காகச் சாலையில் கால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் திண்டிவனம் பக்கமிருந்து வரும் காருக்கும் அவருக்கும் இடையே 45 மீட்டர். சாலை காய்ந்திருக்கிறது. டயர் நன்றாக இருக்கிறது, பிரேக்கில் குறையில்லை. ஓட்டுபவர் குடிக்கவில்லை, போன் பேசவில்லை, தூக்கமும் இல்லை. பெரியவரைக் கண்டதும் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறார்.

கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் பெரியவரின் வேட்டியை உரசாமல் நின்றுவிடும். நாலு வார்த்தை திட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். 70-ல் வந்திருந்தால் நிற்காது. அவர்மேல் மோதும்போது வேகம் 45 ஆக இருக்கும். 80-ல் வந்திருந்தால் 65-ல் மோதும். 100-ல் வந்திருந்தால் 97. அதாவது பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

இந்த எண்களை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போங்கள். பத்து கிலோமீட்டர் கூட வேகம் போனால், கடைசியில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் லேசாக இடிக்கும் என்றுதான் நம் மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் 60-க்கும் 70-க்கும் நடுவே இருப்பது, இடிக்காமல் நிற்பதற்கும் 45-ல் இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு கார் மனிதனை 50-ல் மோதுவதைவிட 65-ல் மோதினால் அவர் சாகும் வாய்ப்பு நான்கரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன 80 கிலோமீட்டர் கார் மோதுவது அந்த 65-ல்தான்.

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாகின. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் நாடு முழுவதும் நடந்த சாலை மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கி, திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் வண்டியை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் கியரையும் கிளட்சையும்விட முதலில் சொல்லித்தர நினைப்பது இந்த அத்தியாயத்தைத்தான்.

இரண்டு தூரங்கள்

ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரம் ஒன்றல்ல, இரண்டு. கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகும் வரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தூரம் முதலாவது. பிரேக் பிடித்தபின் வேகம் குறைந்து குறைந்து நிற்கும் தூரம் இரண்டாவது.

முதல் தூரத்தைக் கணக்கிட, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்ற வேண்டும். 3.6-ஆல் வகுத்தால் போதும். நினைவில் வைக்க எளிய எண்கள்: 36-ல் போனால் நொடிக்கு 10 மீட்டர், 54-ல் 15, 72-ல் 20, 90-ல் 25. கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், 72-ல் போகிறவர் பிரேக்கைத் தொடுவதற்குள் 30 மீட்டர் போய்விடுகிறார். அந்த 30 மீட்டரில் வண்டியின் விலைக்கோ கம்பெனிக்கோ எந்தப் பங்கும் இல்லை. முப்பது லட்ச ரூபாய் கார் ஆனாலும் பழைய மாருதி ஆனாலும் அந்த ஒன்றரை நொடியில் ஓடும் தூரம் ஒன்றுதான்.

இரண்டாம் தூரம் வேறு மாதிரி. அது வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. ஓடும் வண்டியில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அத்தனையையும் பிரேக் உரசி உரசிச் சூடாக்கித்தான் கரைக்க வேண்டும். ஓட்டும்போதே மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. வேகத்தைப் பத்தால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்குங்கள். 60 என்றால் ஆறாறு முப்பத்தாறு. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறக்குறைய அவ்வளவு மீட்டர். காய்ந்த சாலையில் அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்: 36-க்கு 20. முதல் தூரத்துக்கு, அதே ஆறை நாலால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள்: 25.

துல்லியமாகப் போட்டால் கிடைப்பவை இவை; மனக்கணக்கில் ஓரிரு மீட்டர் முன்பின் வரலாம். 40-ல் காய்ந்த சாலையில் மொத்தம் 26 மீட்டர், ஈரத்தில் 32. 60-ல் 45, ஈரத்தில் 60. 80-ல் 69, ஈரத்தில் 96. 100-ல் 98, ஈரத்தில் 140. டயர் நல்ல நிலையில் இருக்கும் காருக்கான எண்கள் இவை. மொட்டை டயரோடு ஓடும் வண்டிக்கு இவற்றை நம்பாதீர்கள்.

அந்த ஒன்றரை நொடி

இளைஞர்கள் இந்த இடத்தில்தான் சண்டைக்கு வருவார்கள். “எனக்கு ஒன்றரை நொடியெல்லாம் ஆகாது, நான் டக்குனு புடிச்சிடுவேன்” என்பார்கள். அவர்களுக்காக ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் அடிக்குச்சியை நண்பர் மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்களுக்கு ஆன நேரம் 0.2 நொடி. முழு 30-ல் பிடித்தால் கால் நொடி. பெரும்பாலான இளைஞர்கள் இதற்குள் பிடித்துவிடுவார்கள். அவர்கள் பெருமைப்படுவது இந்த வேகத்தை வைத்துத்தான்.

ஆனால் அடிக்குச்சி விழப்போவது முன்பே தெரியும். எங்கிருந்து விழும், எப்படிப் பிடிக்க வேண்டும், எல்லாம் முடிவாகிவிட்டது. சாலையில் அப்படி இல்லை. ஓரத்தில் அசைவது மாடா, மரக்கிளையா, குழந்தையா என்று கண் பிரித்தறிய வேண்டும். அது சாலைக்குள் வருகிறதா, நிற்கிறதா என்று மனம் முடிவு செய்ய வேண்டும். பிரேக்கா, ஹாரனா, ஸ்டீயரிங்கை ஒடிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தூக்கி, நகர்ந்து, பிரேக்கில் விழ வேண்டும். கடைசி வேலைக்கு மட்டுமே கால் நொடி வரை போகும்.

ஸ்வீடனில் யோஹான்சன், ரூமார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 321 ஓட்டுநர்களை உண்மையான சாலையிலேயே சோதித்து 1971-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹாரன் ஒலி கேட்டதும் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஒலி வரப்போகிறது என்று காத்திருந்த அவர்களுக்கே நடுவாக 0.66 நொடி ஆயிற்று. எதிர்பாராத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஆகும் என்று கணித்தார்கள். சத்தம் ஒன்றே ஒன்று, செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்று என்ற நிலையிலேயே இப்படி. இருட்டில் இன்னதென்று தெரியாத ஒன்று குறுக்கே வரும்போது ஒன்றரை நொடி என்பது தாராளக் கணக்கு அல்ல.

நம் சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் இதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி ஓட்டுநருக்கு 2.5 நொடி. மேடு, வளைவு எதுவானாலும், 80-ல் போகும் சாலையில் 120 மீட்டரும், 100-ல் போகும் சாலையில் 180 மீட்டரும் முன்னால் தெரிய வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வந்தது. சாலையைப் போடுகிறவர் உங்கள் இளமையை நம்பிப் போடவில்லை. அறுபது வயதுக்காரர், களைத்தவர், கண் மங்கியவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்.

இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். வேகத்தைக் குறைக்காமல் பிரேக் தூரத்தை மட்டும் குறைக்க ஓட்டுபவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது டயருக்கும் தாருக்கும் உள்ள பேச்சு. உங்கள் கையில் இருப்பது முதல் தூரம். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக்கின் மேல், மிதிக்காமல், தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டால் அந்த ஒன்றரை நொடி ஏறக்குறைய பாதியாகிவிடும். கால் நகரும் நேரம் மிச்சமாவது கொஞ்சம்தான். “இங்கே ஏதோ வரலாம்” என்று மனம் முன்பே தயாராகிவிடுவதால் மிச்சமாவதே அதிகம். 60-ல் போகும்போது அது 12 மீட்டருக்கு மேல். இரண்டு மாருதி ஆம்னியும் ஒரு டிராக்டரும் வரிசையாக நிற்கும் அளவு இடம்.

எனவே ஊர் வரும்போது செய்ய வேண்டியது: வேகத்தை 50-க்குக் கொண்டுவந்து, காலை பிரேக்கின் மேல் வையுங்கள். மொத்தம் 25 மீட்டரில் நின்றுவிடலாம். எதையும் எதிர்பார்க்காமல் 80-ல் போகிறவருக்கு 69 மீட்டர் வேண்டும். நேரம் போய்விடுமே என்றால், ஒரு கிலோமீட்டர் நீள ஊரை 80-ல் கடக்க 45 நொடி, 50-ல் கடக்க 72 நொடி. ஒரு ஊருக்கு 27 நொடி. வழியில் ஐந்து ஊர்களுக்கு இப்படிச் செய்தாலும் இரண்டே கால் நிமிடம்தான். அதேபோல், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி வரை சுமார் 38 கிலோமீட்டரும் 80-க்குப் பதில் 100-ல் போக முடிந்தாலும் மிச்சமாவது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. மொரட்டாண்டி டோல்கேட்டில் கொஞ்சம் கூட்டம் இருந்தால் அதுவும் கரைந்துவிடும்.

நாற்கரச் சாலையில் காருக்கு 100 வரை போகலாம் என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்ததும், அந்த அறிவிக்கையை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். சட்டம் எந்த எண்ணைச் சொன்னாலும் அது உச்ச வரம்பு. அந்த வேகத்தில்தான் போக வேண்டும் என்ற கட்டளை அல்ல. சாலையோரப் பலகையில் உள்ள எண்ணைத் தாண்டாதீர்கள். ஊருக்குள் அந்த எண்ணே அதிகமாகப் படும் நேரங்களும் உண்டு.

இந்தச் சாலையில் குறுக்கே வருபவை

நடந்து கடப்பவர்களில் தொடங்குவோம். ஒரு பக்கச் சாலையின் இரண்டு தடங்களும் ஓரமும் சேர்ந்து எட்டரை மீட்டர் என்று கொள்ளுங்கள். நன்றாக நடக்கிறவர் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏழு நொடி ஆகும். மூட்டு வலியுள்ள பாட்டிக்குப் பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் 80-ல் வரும் கார் 220 மீட்டர் வந்துவிடும். இருநூறு மீட்டருக்கு அப்பால் வரும் காரைப் பார்த்து, “அது தூரத்துல வருது, போயிடலாம்” என்று நினைப்பது யாருக்கும் இயல்புதான். நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளப்பது மனிதருக்கு மிகக் கடினம். வண்டி ஒரு புள்ளி பெரிதாவதுபோல்தான் தெரியும், நகர்வதுபோல் தெரியாது. எனவே ஒருவர் தப்புக் கணக்குப் போட்டு இறங்கிவிட்டால் அதை அலட்சியம் என்று கோபப்படாமல், காலை பிரேக்குக்குக் கொண்டுபோங்கள். ஹாரனை நம்பாதீர்கள். ஹாரன் கேட்டதும் சிலர் ஓடுவார்கள், சிலர் நிற்பார்கள், சிலர் வந்த பக்கமே திரும்புவார்கள். எதைச் செய்வார் என்று அவருக்கே தெரியாது.

சாலை நடுவே உள்ள தடுப்பில் வளர்ந்திருக்கும் அரளிச் செடி உயரமாக இருந்தால், அதன் பின்னால் நிற்பவர் சாலையில் கால் வைக்கும் வரை தெரியமாட்டார். குட்டையான ஆளும் பள்ளிப் பிள்ளையும் அறவே தெரியமாட்டார்கள். தடுப்பில் இடைவெளி வரும் இடமெல்லாம் ஆள் நிற்கும் இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல் நின்றுகொண்டிருக்கும் டவுன் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒருவர் வெளியே வருவார் என்று எதிர்பார்த்தே அதைத் தாண்டுங்கள்.

அடுத்தது, எதிர்த்திசையில் வரும் டூவீலர். அரை கிலோமீட்டர் சுற்றிப் போக மனமில்லாமல் ஓரமாக எதிரே வருவார்கள். இதில் ஒரு கணக்கு பலருக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் 80, அவர் 40 என்றால் நடுவிலுள்ள இடைவெளி 120 வேகத்தில், நொடிக்கு 33 மீட்டராகக் குறைகிறது. நீங்கள் நின்றாலும் அவர் நின்றால்தான் தப்பிக்கலாம்.

கரும்பு வெட்டுக் காலத்தில் இரட்டை டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னால் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாதவை நிறைய. நீங்கள் 80-ல் போனால் அது உங்களை நோக்கி 60-ல் பின்வாங்கி வருவதாகவே கொள்ள வேண்டும். சவுக்குக் கழி ஏற்றிய லாரியின் நிலை இன்னும் மோசம்: வண்டியின் பின்பக்கம் ஒரு இடத்தில் முடியும், கழிகள் அதற்கு அப்பால் சில மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் லாரியின் விளக்கைப் பார்த்து இடைவெளி கணக்கிட்டால், கழி முதலில் உங்கள் கண்ணாடிக்குள் வந்திருக்கும். வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து வரும் டிப்பர்கள் சிந்திவிட்டுப் போகும் ஜல்லிப்பொடியும், அறுவடை மாதங்களில் ஓரத்தில் காயப்போடும் நெல்லும் மல்லாட்டையும் டயருக்கும் தாருக்கும் நடுவே உருளும். அதன்மேல் பிரேக் பிடித்தால் மேலே சொன்ன எந்த எண்ணும் செல்லாது. அதைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் போகும்போது பிரேக் பிடிக்காமலும் ஸ்டீயரிங்கை ஒடிக்காமலும் போங்கள்.

இரவும் விடியலும்

டிம் லைட்டில் கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் தெரிவது ஏறக்குறைய 30 முதல் 50 மீட்டருக்குள்தான். 60-ல் போனாலே நிற்க 45 மீட்டர் வேண்டும் என்று பார்த்தோம். ஆகவே டிம் லைட்டில் 60-ஐத் தாண்டுகிறவர், தன் விளக்கு காட்டாத இடத்துக்குள் வண்டியை விடுகிறார். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் போடுங்கள். வந்ததும் டிம் செய்யுங்கள். எதிரே வருபவர் டிம் செய்யாமல் கண் கூசினால், பழிக்குப் பழியாக நீங்களும் பிரைட் அடிக்காதீர்கள். இருவரும் குருடாகி நொடிக்கு நாற்பது மீட்டர் நெருங்குவதில் யாருக்கும் லாபமில்லை. பார்வையைச் சாலையின் இடது ஓரக் கோட்டுக்கு மாற்றி, வேகத்தைக் குறையுங்கள்.

மேல்மருவத்தூருக்கும் மயிலத்துக்கும் நடந்து போகும் பக்தர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலிலும் நடப்பார்கள். கூட்டமாக வரும்போது தெரியும். பின்தங்கிய இருவர் மூவர் தெரியமாட்டார்கள். மார்கழி, தை மாதப் பனியில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாவிட்டால் உங்கள் வேகம் 50-க்கு மேல் இருக்கக் கூடாது. பனியில் பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்; டிம் போதும்.

விழுப்புரம் மக்களவை உறுப்பினர் எஸ். ராஜேந்திரன் 2019 பிப்ரவரி 23 அதிகாலையில், திண்டிவனம் அருகே அவர் சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதி உயிரிழந்தார். பதவியோ வசதியோ சாலையில் யாருக்கும் காப்பு அல்ல. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடல் தூங்கக் கேட்கும் நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு முறை கேட்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் காட்டினார்கள். நம் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். கல்யாணத்துக்குப் போய் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலையில் காரை எடுப்பவர், ஒரு சொட்டும் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். கண்ணாடியை இறக்கி விடுவது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான். டீக்கடை ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் தூங்கி எழுவதே மருந்து.

புதுச்சேரியில் குடித்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் ஞாயிறு மாலைகளில் இந்தச் சாலையில் உண்டு என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். குடித்தவருக்கு முதல் தூரம் கூடுகிறது. ஆனால் அவர் மனம் அதற்கு நேர்மாறாகத் தைரியம் சொல்கிறது. கூட வந்தவர்களில் குடிக்காதவர் ஓட்டட்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். அடுத்த நாள் வேலைக்குத் தாமதமாகும் என்பது ஒரு காரணமே அல்ல.

போனைப் பற்றி ஒரே ஒரு எண்: 80-ல் போகும்போது திரையை இரண்டு நொடி பார்த்தால், 44 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகும். காதில் மாட்டிப் பேசினாலும் கவனம் போவது போவதுதான். கை மட்டுமே விடுதலையாகிறது.

மழை

ஐப்பசி முதல் மழையில்தான் அதிகம் வழுக்கும். மாதக் கணக்கில் தாரில் படிந்த எண்ணெயும் டயர்ப் பொடியும் புழுதியும் தூறலில் குழைந்து சேறாகும். நல்ல மழை அரை மணி நேரம் அடித்தால்தான் கழுவிக்கொண்டு போகும். தூறல் விழுந்த முதல் நிமிடத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், வைப்பர் போடும் அளவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் தாரைத் தொடாமல் நீர்மேல் மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டால் அதுதான் அடையாளம். அப்போது பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

காருக்கு டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்பது விதி. டயர்க் கோடுகளுக்கு நடுவே சின்ன மேடுகளாக ஒரு குறி இருக்கும். ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அதற்கும் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

டூவீலர், லாரி, முன்னே போகும் வண்டி

பைக் ஓட்டுபவர்களில் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது மனதில் நின்றுவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், பின்சக்கரம் இழுத்துக்கொண்டும் போகும். இரண்டையும் சேர்த்து, முன் லிவரை வெடுக்கென்று இழுக்காமல் மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே பிடியுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க வைக்கும் அமைப்பு), அதற்குக் கீழே உள்ளவற்றில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டன. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு விரல் பழக்கம்தான் ஏ.பி.எஸ்.

லாரி, பஸ்ஸில் இருப்பது காற்று பிரேக். மிதித்ததும் காற்று குழாயில் போய்ச் சேர அரை நொடி வரை ஆகும். 60-ல் அது மட்டும் 8 மீட்டர். பாரம் ஏற்றிய லாரி அந்த வேகத்தில் நிற்க 60 மீட்டருக்கு மேல் தேவைப்படும். உங்கள் காருக்கு 45. எனவே லாரியை முந்தி அதன் முன்னாலேயே கட் அடித்து நுழைந்து பிரேக் பிடிப்பவர், அந்த டிரைவரால் செய்ய முடியாத ஒன்றை அவரிடம் கேட்கிறார்.

நாட்டில் நடக்கும் விபத்துகளில் பின்னாலிருந்து மோதுபவையே பெரிய பங்கு. இதைத் தடுக்க அளவுகோல் தேவையில்லை. முன் வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தையோ தாண்டும்போது “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று” என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்த இடத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். மூன்று நொடி என்பது 80-ல் 67 மீட்டர். காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்துக்கு ஏறக்குறைய சமம். மழையிலும் இரவிலும் ஐந்து வரை எண்ணுங்கள். இடைவெளி விட்டால் நடுவில் ஒருவர் புகுவார் என்பது எல்லாரும் சொல்லும் குறை. புகுவார்தான். மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள், திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் பத்துப் பேர் புகுந்தாலும் உங்களுக்கு அரை நிமிடம்தான் தாமதம்.

செய்து பார்க்க

தேசிய நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர்க் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை நொடி என்று எண்ணச் சொல்லுங்கள். பத்து நொடி என்றால் 72-ல் போகிறீர்கள். சில நாட்களில் 20 மீட்டர், 50 மீட்டர் என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழகிவிடும். ஓட்டும்போது பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வதும் நல்ல பயிற்சி: “இடதுபக்கம் ஆடு… பஸ் நிக்குது, முன்னால ஆள் வரலாம்… தடுப்புல இடைவெளி…” வாய் சொல்லும்போது கண் தானாக முன்னால் தேடும், காலும் பிரேக்கின் பக்கம் போகும்.

வண்டியை எடுக்கும் முன் காலடியைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் எந்தக் கணக்கும் உதவாது. மிதியடி நழுவாமல் இருக்கட்டும். நழுவும் ரப்பர் செருப்போடு ஓட்டாதீர்கள்.

கடைசியாக, நிறுத்தும் பயிற்சி. வானூர் வட்டாரத்தில் வீடு எழும்பாத மனைப் பிரிவுகள் ஏராளம். உரியவரிடம் கேட்டுக்கொண்டு அவற்றின் தார்ச்சாலையைப் பயன்படுத்தலாம். ஆளும் ஆடுமாடும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சீட் பெல்ட் போட்டு, 30-ல் தொடங்குங்கள். ஓரத்தில் ஒரு செங்கல் வைத்து, அதைத் தாண்டும்போது பிரேக்கை முழுக்க அழுத்துங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் பெடல் காலுக்கு அடியில் கடகடவென்று அதிரும். முதல்முறை அதை உணர்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள். அது வேலை செய்யும் சத்தம், விடாமல் அழுத்துங்கள். செங்கல்லிலிருந்து நின்ற இடம் வரை அளந்தால் 5 மீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். 40-ல் 9. இதைவிட மிக அதிகமாக வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறகு பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு சுண்ணாம்புப் பொட்டலம் கொடுங்கள். 40-ல் போகும்போது அவருக்குத் தோன்றிய நொடியில் “நிறுத்து” என்று சொல்லி, அதே நேரத்தில் பொட்டலத்தை ஜன்னல் வழியே கீழே விடட்டும். பொட்டலம் விழுந்த இடத்திலிருந்து வண்டி நின்ற இடம் வரை அளந்து, அதோடு 5 மீட்டர் கூட்டுங்கள்: கையை விட்ட பொட்டலமும் தரையைத் தொடும் வரை வண்டியோடு ஏறக்குறைய அவ்வளவு தூரம் முன்னே வரும். அதிலிருந்து முன்பு அளந்த 9 மீட்டரைக் கழித்தால் கிடைப்பது உங்கள் சொந்த முதல் தூரம். அதை 11-ஆல் வகுத்தால் நொடி. சொல்லப் போகிறார் என்று காத்திருந்து எடுத்த நேரம் அது. சாலையில் அதைவிடக் கூடும் என்பதால் அதில் பாதியைக் கூட்டி எழுதி வையுங்கள். பிள்ளைக்கு வண்டி கொடுக்கும் முன் அவனையும் இதைச் செய்யச் சொல்லி அவன் எண்ணையும் எழுதுங்கள். மழைக்காலம் தொடங்கியதும் அதே இடத்தில், அதே 40-ல், ஈரத்தில் ஒருமுறை அளந்து பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.